பசுவை விற்க வேண்டாம், மணியைப் பாருங்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எங்கள் வீடு குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், ரப்பர் விளைக்குள் இருக்கிறது. ஜூலி என்று நாலு வயது லாப்ரடார் வளர்க்கிறோம். 25 கிலோ இருக்கும். வீட்டுக்குள்தான் படுக்கும். தினமும் மத்தியானம் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், இறங்கி ஒரு ஆட்டம் போட்டால்தான் அதற்குத் திருப்தி. உடம்பு முழுக்க உண்ணி, தெள்ளும் இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு உண்ணி மாத்திரை இரண்டு மாதம் கொடுத்தோம். இரண்டாவது மாத்திரை பத்து நாள் தள்ளிப்போனது. உண்ணி குறைந்ததே தவிர ஒழியவில்லை. அடுத்து என்ன வாங்குவது? ஒருவர் மருந்துக் கழுத்துப்பட்டை என்கிறார், ஒருவர் முதுகில் விடும் சொட்டு மருந்து என்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் ஊசி போட்டால் போதும் என்கிறார். அந்த மாத்திரையால் வலிப்பு வரும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்ததில் இருந்து பயம் வேறு. தொழுவத்தில் ஒரு கறவைப் பசு நிற்கிறது. உண்ணி அதிலிருந்துதான் வருகிறது, விற்றுவிடு என்று மாமியார் சொல்கிறார். வீட்டில் பூனையும் இரண்டு குட்டிகளும் உண்டு. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று கவலை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புரையில் காவலுக்கு மணி என்று ஒரு நாட்டுநாய் உண்டு. அது வெளியில் கிடப்பதுதானே என்று அதற்கு ஒன்றும் கொடுப்பதில்லை. ஜூலி இரண்டு நாளாகச் சரியாகச் சோறு தின்னவில்லை, வெயிலினால் இருக்கும்.

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உண்ணி மொய்த்த நாய் சோற்றை ஒதுக்கினால் வெயில் மேல் பழி போடாதீர்கள். இப்போதே ஜூலியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கும். விரலால் அமுக்கி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். ஈறு வெளிறியிருந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போனாலோ, காலையாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நாய் உண்ணி பரப்பும் நோய்களில் எர்லிக்கியா, பேபிசியா இரண்டும்தான் எங்களை அதிகம் ஓடவிடுபவை. முதலாவதில் ரத்தத்தின் தட்டணுக்கள் குறையும், இரண்டாவதில் சிவப்பணுக்கள் உடையும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுப்பது வழக்கம். நாய் ஐந்தாம் நாளே வாலாட்டிக்கொண்டு தட்டு முன்னால் வந்து நிற்கும். நம் ஆட்களும் அன்றோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அதுதான் வினை. பேபிசியாவுக்கு அந்த மருந்து மட்டும் போதாது, அதன் மருந்தே வேறு. அதனால் கடையில் அடையாளம் சொல்லி வாங்கிக் கொடுக்கும் வேலை இதில் வேண்டாம்.

சரி, இனி எந்த மருந்து என்ற கேள்விக்கு வருவோம். கடிதத்தில் மருந்துகளை வரிசையாக எழுதிவிட்டு, மணியை ஒரு வரியில் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கோ அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

நம் பக்கத்து நாய்களில் அதிகம் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. புத்தகப் பெயர் ரைபிசெஃபாலஸ் சாங்குனியஸ். அது ஆயுளில் மூன்று முறை நாய் மேல் ஏறி, மூன்று முறை இறங்கும். ஆறு கால் குட்டியாக ஏறி ரத்தம் குடித்து இறங்கித் தோலுரிக்கும். எட்டுக் காலோடு மறுபடி ஏறி, இறங்கித் தோலுரிக்கும். வளர்ந்தபின் ஏறும் பெண் உண்ணி வயிறு முட்டக் குடித்து, சாம்பல் நிறத்தில் ஆமணக்கு முத்து மாதிரி உப்பி விழும். (ஆமணக்கின் ரிசினஸ் என்ற தாவரப் பெயருக்கு லத்தீனில் உண்ணி என்றுதான் பொருள். பெயர் வைத்தவரும் இதைப் பார்த்திருக்கிறார்.) விழுந்த உண்ணி மண்ணில் கிடக்காது, மேலே ஏறும். சுவர் வெடிப்பு, கதவு நிலையின் இடுக்கு, ஓட்டுக்கு அடியில் என்று புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும், 4000 வரைகூடப் போகும். வளர்ந்த உண்ணி தீனியே இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். இந்த மூன்று ஏற்றத்துக்கும் அதற்குப் பிடித்தது நாய்தான்.

இப்போது மணியை நினைத்துப் பாருங்கள். மருந்து இல்லாத நாய், வெடித்த சுவரும் மரச்சட்டமும் உள்ள புரையில் நாள் முழுக்கக் கிடக்கிறது. உங்கள் வீட்டின் உண்ணிப் பண்ணை அங்கேதான். ஜூலி அந்தப் பக்கம் போய்வரும்போது ஒட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் ஜூலிக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது, குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைக்கிற மாதிரி.

நம்பிக்கை இல்லையென்றால் இன்று இருட்டிய பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு புரைக்குப் போங்கள். தரையில் தேட வேண்டாம். மணி படுக்கும் இடத்துக்கு மேலே, உங்கள் தலை உயரத்துக்குச் சுவரில் ஒளியைச் சாய்த்து அடியுங்கள். ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்குள் நான் ஹேர்பின்னை விட்டுச் சுரண்டினேன். முதலில் சுண்ணாம்புத் தூள் வந்தது, பிறகு காலி ஓடுகள், அதன் பின்னால் உயிரோடு பதினேழு உண்ணிகள். ஒரு ஆணி ஓட்டைக்குள் இருந்த கணக்கு அது. வீட்டுக்கார அம்மா எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் எழுந்து போய்விட்டார்.

இதிலேயே பசுவின் வழக்கும் தீர்ந்துவிடுகிறது. மாட்டில் நாம் அதிகம் பார்க்கும் உண்ணி வேறு வகை. குட்டியாக ஏறியது வளர்ந்து பெரிதாகும்வரை அந்த ஒரே மாட்டின் மேல்தான் இருக்கும். காட்டோரம் சுற்றும் நாயில் ஒன்றிரண்டு வேறு உண்ணி ஒட்டலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் ஏறுகிற கூட்டத்துக்குப் பசு பொறுப்பில்லை. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பசுவின் மேல் உண்ணி இருந்தால் அதற்குத் தனியாக மருந்து வாங்குங்கள். கறவை மாடு என்பதால், மருந்து போட்டபின் எத்தனை நாள் பாலைக் குடிக்கவோ விற்கவோ கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்தின் மிச்சத்தை நாய்க்குத் தேய்ப்பது பல வீட்டில் நடக்கிறது. உங்கள் வீட்டில் அது கூடவே கூடாது. காரணம் பூனை, அதைப் பிறகு சொல்கிறேன்.

மருந்துக்கு வருவோம். முதலில் நீங்கள் கொடுத்த மாத்திரையின் அட்டையை எடுத்து மருந்தின் பெயரைப் படியுங்கள். ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர், சரோலேனர், லோட்டிலேனர் என்று ‘லேனர்’ என முடிந்தால் அது உண்ணி, தெள்ளு மாத்திரைதான். வேறு எதுவாவது இருந்தால் நீங்கள் இரண்டு மாதம் கொடுத்தது பூச்சி மாத்திரையாக இருக்கலாம். வயிற்றுப் புழுவுக்கும் பூச்சி மருந்து, உண்ணிக்கும் பூச்சி மருந்து என்று கேட்டால் கடைப்பையன் கையில் கிடைத்ததைத்தான் தருவான்.

‘லேனர்’தான் என்றால், அடுத்தது எடை. 25 கிலோ இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘இருக்கும்’தான் உதைக்கிறது. இந்த மாத்திரைகள் எடை வாரியாக வரும். அஃபாக்சோலேனர் மாத்திரையில் 10 முதல் 25 கிலோ வரை ஒரு அளவு, அதற்கு மேல் 50 வரை அடுத்தது. நாலு வயது லாப்ரடார், அதுவும் வீட்டுச் சோறு தின்பது, 30ஐத் தாண்டியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படியானால் நீங்கள் கொடுத்தது குறைந்த அளவு. ஜூலியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நில்லுங்கள், பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். உங்களால் தூக்க முடியாவிட்டால் வீட்டுக்காரர் தூக்கட்டும். முடியவே இல்லையென்றால் ரப்பர் ஷீட் எடை போடும் கடைத் தராசு இருக்கிறது, அதில் ஏறி நிற்க ஒரு பிஸ்கட் போதும். பெரிய மாத்திரையாக வாங்கி இரண்டு நாய்க்கும் பிய்த்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். மாத்திரையின் எல்லாப் பாதியிலும் மருந்து சமமாக இருக்கும் என்று தயாரித்தவரே உறுதி சொல்வதில்லை. அதனால் ஒரு நாய்க்கு ஒரு மாத்திரை.

மாத்திரை கொடுத்தும் உண்ணி தெரிகிறதே என்றால், எப்படிப்பட்ட உண்ணி என்று பார்க்க வேண்டும். இந்த மருந்து ரத்தத்தில் இருப்பது. உண்ணி ஏறிக் கடித்தால்தான் அதன் வயிற்றுக்குள் போகும். பிறகு சாக ஒரு நாள், சிலசமயம் இரண்டு நாள் ஆகும். புரையிலிருந்து தினமும் புதிதாக ஏறினால், தட்டையாக ஊர்ந்துகொண்டிருப்பதையோ காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதையோ தினமும் பார்க்கத்தான் செய்வீர்கள். அது மருந்து தோற்றதன் அடையாளம் இல்லை. காது மடலிலும் விரலிடுக்கிலும் சாம்பல் முத்தாக உப்பியவை இருந்தால்தான் மருந்து போதவில்லை என்று பொருள்.

வலிப்புச் செய்தியில் பாதி உண்மை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 செப்டம்பரில் இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று எச்சரித்தது. தடை செய்யவில்லை. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானவை என்றும் சேர்த்தே சொன்னது. வாட்ஸ்அப்பில் அந்தப் பாதி வராது. ஜூலிக்கோ மணிக்கோ முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்பார். மற்றபடி நம் ஊரில் உண்ணி பரப்பும் நோயில் போகிற நாய்களைப் பார்த்துப் பார்த்து, நான் மாத்திரையின் பக்கம்தான் நிற்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் எழுதிக்கொடுப்பது இதுதான். ஜூலி தினமும் சானலில் இறங்குவதால் சொட்டு மருந்தும் பட்டையும் அதற்குத் தோதில்லை. சொட்டு மருந்து போடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிக்கக் கூடாது. தொடர்ந்து நீந்தினால் பட்டையின் ஆயுளும் குறையும். போதாததற்கு இவற்றில் உள்ள மருந்துகள் பல, தண்ணீரில் கலந்தால் மீனுக்கும் ஆகாது. ஆக, மாத்திரை. மாதாமாதம் ஞாபகம் வைப்பது கஷ்டம் என்று நீங்களே பத்து நாள் தாமதத்தில் காட்டிவிட்டீர்கள். அட்டையில் இருந்தது ‘லேனர்’தான் என்றால், ஏற்கெனவே இந்த வகை இரண்டு முறை ஒத்துக்கொண்டிருப்பதால், 12 வாரம் நிற்கும் ஃப்ளூரலேனருக்கு ஜூலியை மாற்றலாம். வயிறு நிறையச் சோறு வைத்து, கூடவே கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. இப்போது சோறு தின்னாமல் இருக்கிறதே, அதற்காகவும் ரத்தப் பரிசோதனை முந்த வேண்டும்.

மணி இதுவரை இந்த மருந்தே தொடாதது. அதற்கு முதல் தடவை மாத மாத்திரை. ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். நன்றாக இருந்தால் அடுத்ததிலிருந்து ஜூலியோடு சேர்த்து 12 வாரக் கணக்கு. விலையைக் கேட்டால் ஒரு நிமிஷம் மூச்சு நிற்கும், தெரியும். மூன்று மாத மாத்திரையின் விலையை மூன்றால் வகுத்து மாத மாத்திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியும் ஒருவருக்குத்தான் முடியும் என்றால், தயங்காமல் மணிக்குக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன ஊசி ஐவர்மெக்டினாக இருக்கும். சொறிப்பூச்சிக்கு அது நல்ல மருந்து. நாய் உண்ணியை ஒழிக்க அது உதவாது, கோலி மாதிரி சில நாய் இனங்களுக்கு ஆபத்தும்கூட. தண்ணீரில் கலந்து கழுவும் அமிட்ராஸ், பாட்டிலில் போட்டிருக்கும் அளவு ஒரு சொட்டும் கூடாமல் கலந்தால் வேலை செய்யும். ஆனால் குட்டிக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் ஆகாது, பூனை உள்ள வீட்டுக்கு நான் சொல்வதில்லை. மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர் இரண்டும் விஷம். வேப்பெண்ணெய் தேய்த்தால் வீடு மணக்கும், உண்ணி கொஞ்சம் முகம் சுளிக்கும், அவ்வளவுதான்.

பூனை விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அரிசிச் சாக்கில் சுற்றி ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். காது மடல் துடித்துக்கொண்டிருந்தது, பிறகு முகத்துச் சதை, பிறகு உடம்பு முழுக்க. நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் சொட்டு மருந்தில் மிச்சம் இருந்ததைப் பூனைக்கும் வைத்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ராத்திரி முழுக்க ஊசி போட்டு உட்கார்ந்தும் விடியுமுன் போய்விட்டது. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும். தாய்ப்பூனைக்கு, பூனை என்று அட்டையில் அச்சிட்ட மருந்தைப் பால் கொடுக்கிறது என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்வரை தெள்ளுச் சீப்பும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும் போதும்.

தெள்ளைப் பற்றிச் சுருக்கமாக. ஜூலியின் வால் அடியில் கறுப்புத் தூளாக இருப்பதை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். துணியில் சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது ஜூலியின் ரத்தம். நாய் மேல் குதிப்பவை கொஞ்சம்தான். முட்டை, புழு, கூடு எல்லாம் சேர்த்தால் பெரும்பங்கு பாயிலும் சாக்கிலும் நிழலான மண்ணிலும் இருக்கிறது. அந்த லேனர் மாத்திரையே தெள்ளையும் கொல்லும். ஆனாலும் ஜூலியின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போடுங்கள். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, கால் அதிர்வு கேட்டு வெளியே வரும். அதனால் முதல் மாதத்தில் புதிதாகத் தெள்ளைப் பார்த்தால் கலங்க வேண்டாம். மலத்தில் அரிசி மாதிரி ஏதாவது நெளிந்தால் அது தெள்ளை விழுங்கியதால் வரும் நாடாப்புழு, அதற்கு வேறு மாத்திரை.

புரைக்கு வேலை இருக்கிறது. வெடிப்பையும் ஆணி ஓட்டையையும் சிமென்ட் வைத்து அடைத்து, இரண்டு கை சுண்ணாம்பு அடியுங்கள். மணியின் சாக்கை எரித்துவிட்டு, துவைக்கக்கூடிய துணி போடுங்கள். சுவரைத் தீயால் வாட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், உள்ளே தொங்குவது ரப்பர் ஷீட். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குள் அடிப்பதற்கென்று உள்ளதை வாங்கி, இடுக்குகளில் மட்டும், பூனையையும் குழந்தையையும் அகற்றிவிட்டு அடியுங்கள். ஈரம் காயும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. விளை முழுக்க அடிக்கவே வேண்டாம். உங்கள் விளையிலோ பக்கத்து விளையிலோ தேனீப் பெட்டி இருக்கும். ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் தேனீ அந்த இலைக்காம்புத் தேனுக்குத்தான் வரும். உண்ணியைக் கொல்லும் மருந்துகளில் பல தேனீயை அதைவிட வேகமாகக் கொல்லும்.

மகளைப் பற்றிய கவலைக்குப் பதில். பத்திரிகையில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவது ஸ்க்ரப் டைஃபஸ். பெயரில்தான் உண்ணி. பரப்புவது நாய் உண்ணி இல்லை, புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு வரும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் புதரில் விளையாடும் பிள்ளைகளும்தான் கவனமாக இருக்க வேண்டும். நாய் உண்ணி மனிதரைக் கடிப்பது குறைவு, ஆனால் அதுவும் வேறொரு காய்ச்சலைக் கொண்டுவரக்கூடியது. ஆகவே பிள்ளை கையால் உண்ணி பிடுங்க வேண்டாம், நகத்தில் வைத்து நசுக்கவும் வேண்டாம். நீங்கள் சிறிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அவளுக்கு விடாத காய்ச்சல் வந்தால், வீட்டில் நாய் உண்ணி இருப்பதையும் விளைக்குள் விளையாடுவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எத்தனை நாள் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். சுவருக்குள் இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வந்து மருந்துள்ள நாயைக் கடித்துச் சாக வேண்டும். மூன்று நாலு மாதம் ஆகும். நடுவில் மூன்றாவது வாரம் போல ஒரு புதுக் கூட்டம் பொரிந்து வரலாம், அப்போதுதான் பலர் மருந்தை மாற்றுவார்கள். நீங்கள் மாற்ற வேண்டாம். அப்புறம், நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. உண்ணிக்கும் தெள்ளுக்கும் விடுமுறை விடும் குளிர்காலம் இங்கே கிடையாது, மாத்திரைக்கும் கிடையாது.

நாளைக்கு ஜூலியை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது மணியையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டிக்குப் பழக்கமில்லாத நாய், வாய்க்கட்டு போட்டுக் கூட்டிப்போங்கள். எடையும் அங்கேயே பார்த்துவிடலாம்.